ஒரு மாதிரி வீடு

ஆக்ஜார்,
2011 ஆகஸ்ட் 29

அன்புத் தோழி சத்பர்குக்கு,

ஊல்கான் எழுதுவது. நானும் தொக்தோசுனும் பெண்கள் இருவரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறோம். கோரோக்கில் நீயும் உன் அண்ணன் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும்.

வேலை முடிந்தது. உன் அலுவலகத்திலிருந்து நீ அனுப்பிய தச்சர்கள் நேற்றுக் காலை கிளம்பிப் போனார்கள். அவர்கள் போனதும் எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். வீட்டை நீ பார்த்தால் எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று நினைப்பாய். கூரைக்கு மேலே ஆட்டுக் கம்பளியை முழங்கை உயரத்துக்குப் பரப்பி மூடியிருக்கிறார்கள். சுவருக்கு வெளியே வைக்கோலும் களிமண்ணும் குழைத்துக் கனமாகப் பூச்சு. சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு நடை, பகல் வெயிலைப் பிடித்து வைக்க. வாசலில் ஒரு சின்னக் கூண்டு அறை. ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்த கதவைத் திறக்க வேண்டுமாம். பழைய இரும்பு அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, புகை வளைந்து வளைந்து போகிற செங்கல் அடுப்பு கட்டித் தந்தார்கள்.

தொக்தோசுன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கம்பளிக் கோட்டு தச்சுப் போட்டுட்டாங்க. வீட்டுக்காரன் கோட்டுலதான் முழங்கை தெரியுது" என்றார். வாசலில் 'மாதிரி வீடு' என்று பலகை அடித்திருக்கிறார்கள் அல்லவா? எதிர்வீட்டு ஷாய்லோ பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாதிரி வீடா? பாத்தா ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். இப்போது ஊர் முழுக்க எங்களுக்கு அதுதான் பெயர்.

ஒரு குறை சொல்லட்டுமா? ஆற்றங்கரையில் பெண்கள் என் காதில் விழும்படியே, "கோரோக்ல ஒரு தோழி இருந்தா நம்ம வீட்டுக்கும் கண்ணாடி வந்திருக்கும்" என்கிறார்கள். நம் இருவரையும் நினைத்து நீ இந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று அவர்களிடம் சத்தியம் செய்கிறேன். அது உண்மைதானே?

இன்னொன்று. என் கொழுந்தன் ஜூஷ்பாயும் அவன் மனைவி பெர்மெத்தும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் பழைய வீட்டில் இருக்கிறார்கள். வடக்குச் சுவரில் கை நுழைகிற அளவு வெடிப்பு. பெர்மெத் உண்டாகியிருக்கிறாள். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இது மார்ச்சில் பிறக்க வேண்டும். எங்கள் கூரைக்குப் போட்டது போக நான்கு மூட்டைக் கம்பளி மிச்சம் இருந்தது. அதை அவர்கள் கூரைக்குப் போட்டுவிடுங்கள் என்று தச்சர்களைக் கெஞ்சினேன். "கணக்குப்படி திரும்பிப் போகணும்க்கா" என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வருமா?

கல்யாணத்துக்கு வந்தவள்தான், அதற்குப் பிறகு கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லை. வீட்டையாவது பார்க்க வா.

உன் ஊல்கான்

* * *

கோரோக்,
2011 செப்டம்பர் 17

என் ஊல்கானுக்கு,

உன் கடிதத்தை ஓட்டுநர் மம்மத் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். 'ஒரு மாதிரி வீடு' என்பதைச் சத்தம் போட்டுப் படித்தேன். எங்கள் தலைவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். நட்புக்காகக் கொடுக்கவில்லை. உயரம், காற்று, தெற்குப் பார்த்த மனை, நான்கு பேர் உள்ள குடும்பம், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி. எல்லாம் உன் வீட்டில் பொருந்தியது. பொருந்தியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மட்டும் மறைக்க மாட்டேன்.

இது விளையாட்டில்லை, ஊல்கான். இங்கே பன்னிரண்டு வருடங்களாக மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இப்போதுதான் முதல்முறையாக ஒரு பொறுப்பு என் பெயரில் வந்திருக்கிறது. உங்கள் மேட்டுநிலத்தில் ஒவ்வொரு வருடமும் விறகுப் புதரை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி மலை மொட்டையாகிக்கொண்டே போகிறது. மேய்ச்சலும் அதோடு போகிறது. உன் வீடு இந்தக் குளிர்காலத்தை வழக்கமான விறகில் பாதியை வைத்து ஓட்டிக் காட்டினால், அடுத்த கோடையில் நாற்பது வீடுகளுக்குச் செய்வதாகப் பணம் தருகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது! ஆக்ஜாரில் பாதிக்கு மேல் வந்துவிடும். பெர்மெத் வீட்டை நான் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன். கம்பளி மூட்டை விஷயத்தில் என் கை கட்டப்பட்டிருக்கிறது. கிடங்கில் எண்ணி உள்ளே வைத்துவிட்டார்கள்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். எரிக்கிற புதர்க்கட்டையும் வறட்டி மூட்டையையும் தினம் குறித்து வை. சுவரில் மாட்டியிருக்கிற வெப்பமானிப் பெட்டியைத் தொடாதே, அது தானே பதிந்துகொள்ளும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்.

இங்கே சாயங்காலமானால் மின்சாரம் போய்விடுகிறது. அண்ணி என் அறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறாள். பஞ்சம் வந்த வருடம் விடுதியில் நாம் இருவரும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனோமே, அந்த அறைகூட இதைவிடப் பெரிது.

வருவேன், கட்டாயம் வருவேன். பிப்ரவரியில் வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வரும்போது அவர்களோடு நானும் வருகிறேன்.

முத்தங்களுடன்,
சத்பர்க்

* * *

ஆக்ஜார்,
2011 நவம்பர் 24

அன்புள்ள சத்பர்க்,

உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கிறது, உன்னிடம் சண்டை போட வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டையும் வரிசையாக எழுதுகிறேன்.

போன வாரம் பெருங்குளிர் வந்தது. காலையில் எழுந்து பழக்கத்தில் கோடரியைத் தேடி எடுத்துக்கொண்டு வாளியிடம் போனேன். மருமகளாக வந்த நாளிலிருந்து குளிர்காலத்தில் மேலே உள்ள பனிக்கட்டியைத் தட்டி உடைத்துத்தான் தண்ணீர் எடுத்திருக்கிறேன். அன்றைக்குத் தண்ணீர் அசைந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீர். தொக்தோசுன் தொப்பி இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையில் இவ்வளவு வழுக்கை விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இனி சண்டை.

ஷாய்லோ பெரியவர் முதல் ஆளாக வந்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மருமகளே" என்றார். உப்புப் பால்தேநீர் கொடுத்தேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு கோட்டைக் கழற்றினார். கோட்டைக் கழற்றினால் மனிதர் போகப்போவதில்லை என்று அர்த்தம். "எலும்பு இளகுதும்மா, கொஞ்சம் இளகட்டும்" என்று அடுப்போரம் சாய்ந்தவர், எலும்பு இன்னும் இளகிக்கொண்டே இருக்கிறது, இன்றுவரை வீட்டுக்குப் போகவில்லை. அவரைத் தேடி அவர் மனைவி வந்தாள். அவளும் இங்கேதான். பள்ளிக்கூடத்தில் மை உறைந்துவிடுகிறதென்று ஆசிரியர் ஐந்தாம் வகுப்பை எங்கள் கண்ணாடி நடைக்குக் கூட்டி வந்துவிட்டார். நெஞ்சுச் சளி பிடித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். பெர்மெத்தையும் ஜூஷ்பாயையும் நானே கூப்பிட்டு வைத்துக்கொண்டேன், அதை மறைக்க மாட்டேன். பெர்மெத்துக்குக் கால் வீங்கவில்லை, முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறது.

யாரைப் போகச் சொல்வது? "இடம் இல்ல"ன்னு சொல்லலாம் என்றால் இடம் இருக்கிறது, எல்லோருக்கும் கண் முன்னால் தெரிகிறது. "விறகு இல்ல"ன்னு சொன்னால், "இந்த வீட்டுக்குத்தான் விறகே வேண்டாமாமே" என்கிறார்கள். உன் இரட்டைக் கதவின் கதையைக் கேள். உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் கூண்டு அறையில் சந்தித்து, இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, ஆடு மாடு பிள்ளை குட்டி என்று ஒவ்வொன்றாகச் சுகம் விசாரிக்கிறார்கள். நான் அடுப்பிலிருந்து, "கதவு! கதவு!" என்று கத்துகிறேன். சின்னவள் அதை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டாள்.

தேநீர் ஓயாமல் கொதிக்க வேண்டியிருக்கிறது. அடுப்பு அணைவதே இல்லை. உனக்குப் பொய் எழுத மாட்டேன். பழைய இரும்பு அடுப்பில் போன வருடம் எரித்ததைவிட இந்த வருடம் அதிகம் எரித்திருக்கிறோம். தொக்தோசுன் புதர் பிடுங்க இப்போதே ஏரிக்கு அந்தப் பக்கம்வரை போய்விட்டு வருகிறார்.

நான் என்ன செய்யட்டும்?

உன் ஊல்கான்

* * *

கோரோக்,
2011 டிசம்பர் 13

ஊல்கான்,

நீ எழுதியனுப்பிய குறிப்புகளைத் தலைவர் என் மேசையில் வைத்து, "இதென்ன சத்பர்க், வீட்டுக்குக் கோட்டு போட்டதுக்குப் பதிலா ஊருக்கு ஒரு லாரி கரி அனுப்பியிருக்கலாமே?" என்று கேட்டார். எல்லோர் முன்னாலும். நான் குறிப்புகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உன்னைத் திட்டவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் ஷாய்லோ பெரியவருக்குத் தலையணை கொடுத்திருப்பேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். உன் வீட்டில் இப்போது பதினைந்து பேர் படுக்கிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் நாற்பது வீடுகளில் இருநூறு பேர் அவரவர் வீட்டில் கோட்டைக் கழற்றிப் படுக்கலாம். இந்தப் பதினைந்து பேரும் அதில் இருப்பார்கள். அதற்கு இந்த ஒரு வீடு பாதி விறகில் ஓட வேண்டும். பணம் தருகிறவர்களிடம் போய், 'விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்' என்று சொல்ல முடியாது. அவர்கள் எண்ணைத்தான் கேட்பார்கள்.

பொய்யாகக் குறிக்கவும் வேண்டாம். சுவரிலிருக்கும் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும், பிறகு உனக்கும் கெட்ட பெயர், எனக்கு வேலையும் போய்விடும்.

பிப்ரவரிக் கடைசிவரைக்கும். அவ்வளவுதான். நான்கு பேர் மட்டும். எல்லோரிடமும் என் பெயரைச் சொல், கோரோக்கில் ஒரு கல்நெஞ்சக்காரி இருக்கிறாள், அவள்தான் சொல்கிறாள் என்று சொல். பெர்மெத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளை மட்டும் வைத்துக்கொண்டால் மற்றவர்களை எப்படி அனுப்புவாய்? மார்ச்சில்தானே பிரசவம்? அதற்குள் ஆட்கள் வந்து பார்த்துப் போய்விடுவார்கள். அதன் பிறகு உன் வீடு, உன் விருந்தாளிகள், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

சத்பர்க்

* * *

ஆக்ஜார்,
2012 ஜனவரி 6

அன்புள்ள சத்பர்க்,

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பகல் நேரம் பார்த்துச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. அலுவலகம் கேட்கிறது, கணக்கு சரியாக வந்தால் அடுத்த வருடம் எல்லோர் வீட்டுக்கும் வரும் என்று சொன்னேன். தொக்தோசுன் என் பக்கத்தில் நின்று தன் பூட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராக இரண்டு வார்த்தை யோசித்தும் வைத்திருந்தேன். ஒருவரும் சண்டை போடவில்லை. ஷாய்லோ பெரியவர், "நியாயந்தானே" என்று கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் போட வரவில்லை, அவர் மனைவி போட்டுவிட்டாள். பெண்கள் படுக்கைகளை மடித்து, தரையைக் கூட்டி, கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் இரண்டு கதவையும் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடினார்கள்.

ஜூஷ்பாய் மட்டும் கடைசிவரை நின்றான். "அண்ணி, எங்களையுமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பெர்மெத் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "நாமளும் தனி வீடுதானே. அக்காவுக்குக் கணக்கு கெட்டுப்போயிரும், வா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "முற்றந்தானே அக்கா நடுவுல. கூப்பிட்டா கேக்காதா?" என்று சிரித்தாள். என்னிடமிருந்த இரண்டு கனத்த மெத்தைகளையும் கொடுத்தனுப்பினேன். புதரும் கொடுத்தேன். வெடிப்பில் தொக்தோசுன் பழைய கம்பளத்தை அடைத்திருக்கிறார்.

இப்போது நாங்கள் நான்கு பேர். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் அடுப்பு மூட்டினால் போதும். உன் தச்சர்கள் சொன்னது அத்தனையும் நிஜம். வீடு வெதுவெதுப்பாக இருக்கிறது, வெளியே காற்று அடிப்பதுகூடக் கேட்பதில்லை. பெண்கள் இருவரும் ஒருவரோடொருவர் மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள், யாரோ தூங்குகிற வீடு மாதிரி.

தெருவில் எல்லோரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். நின்று சுகம் விசாரிக்கிறார்கள். 'ஒரு மாதிரி வீடு' என்று மட்டும் இப்போது யாரும் கேலி செய்வதில்லை.

குறிப்புகளை இதோடு வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்கும்.

ஊல்கான்

* * *

கோரோக்,
2012 ஜனவரி 30

என் தங்கமே, என் ஊல்கான்!

பாதிக்கும் குறைவு! இரண்டு வாரம் தொடர்ந்து பாதிக்கும் குறைவு! தலைவர் என் மேசைக்கு வந்து, தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நல்லா இருக்கு சத்பர்க்" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என் பெயரைத் திட்டாமல் சொன்னது இதுதான் முதல் தடவை.

வெளிநாட்டுக்காரர்கள் பிப்ரவரி மூன்றாம் வாரம் வருகிறார்கள். இரண்டு பெண்கள், ஓர் ஆண், ஒரு மொழிபெயர்ப்பாளன். பெரிய விருந்தெல்லாம் வேண்டாம், தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் போதும். வறட்டிகளை முன்பக்கச் சுவரோரம் அடுக்காமல் பின்னால் வை, படம் எடுப்பார்கள். வண்டியில் எனக்கு ஓர் இடம் கேட்டிருக்கிறேன்.

ஊர்க்காரர்கள் மனத்தாங்கலை நினைத்து வருந்தாதே. கோடையில் அவரவர் வீட்டில் தச்சர்கள் இறங்கும்போது உன்னைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். பெர்மெத்தின் குழந்தைக்கு ஆட்டுக்குட்டிக் கம்பளியில் ஒரு சின்னப் போர்வை பின்னிக்கொண்டிருக்கிறேன், மின்சாரம் இல்லாத நேரத்தில் விரல் தானாகப் பின்னுகிறது. வரும்போது கொண்டுவருகிறேன்.

உன் கடன்பட்ட தோழி,
சத்பர்க்

* * *

ஆக்ஜார்,
2012 பிப்ரவரி 26

சத்பர்க்,

நீ வராதது நல்லதாகப் போயிற்று. வண்டியில் உன் இடத்தில் உங்கள் தலைவர் உட்கார்ந்து வந்தார். போர்வையை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாய். அது அலமாரியில் இருக்கிறது.

அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் பெர்மெத்துக்கு வலி எடுத்தது. நாள் ஆகவில்லை. தொக்தோசுன் புதர் பிடுங்கப் போயிருந்தார். ஜூஷ்பாய் அவளைப் படுக்க வைத்துவிட்டு, மருத்துவ உதவியாளரைக் கூட்டிவர ஊரின் கீழ்க்கோடிக்கு ஓடியிருக்கிறான். எங்கள் கதவைத் தட்டக்கூட நிற்காமல், "அண்ணியக் கூப்பிட்டு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் கூப்பிட்டிருக்கிறாள். பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். சன்னல் கண்ணாடியைக் கரண்டியால் தட்டியிருக்கிறாள். நான் உள்ளேதான் இருந்தேன். வருகிறவர்களுக்காக ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டுக்குள் ஒன்றும் கேட்காது, சத்பர்க். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

ஜூஷ்பாய் உதவியாளரோடு திரும்பி வந்து கதவை உதைத்தபோதுதான் எனக்குத் தெரியும். அதற்குள் பெண் குழந்தை பிறந்து கிடந்தது. பெர்மெத் தன் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். அந்த அறையில் அவள் மூச்சு வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. நான் குழந்தையை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடிவந்தேன். அடுப்பில் இருந்த புதரையெல்லாம் போட்டேன். குறிப்பெல்லாம் அப்போது ஞாபகம் இல்லை. வீடு எவ்வளவு சூடாக முடியுமோ அவ்வளவு சூடானது. குழந்தை கொஞ்சம் சிவந்தது. ஒருதரம் கொட்டாவிகூட விட்டது. மறுநாள் வெயில் கண்ணாடி நடைக்கு வந்த நேரத்தில் போய்விட்டது.

உதவியாளரிடம் கேட்டேன். "இங்கயே பொறந்திருந்தா பொழைச்சிருக்குமா?" என்று கேட்டேன். "எட்டு மாசம்கூட ஆகலையேம்மா. பெரிய ஆஸ்பத்திரியிலயும் போயிரும். பொழைக்கவும் பொழைக்கும். எனக்குத் தெரியாதும்மா" என்றார். எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. யாரைக் கேட்டால் தெரியும்?

அடக்கம் செய்த மறுநாள் வந்தார்கள். தரை உறைந்திருந்ததால் குழி வெட்ட நேரமானது, தொக்தோசுன் கையெல்லாம் கொப்புளம். அந்தக் கையோடு வண்டியில் வந்தவர்களோடு கைகுலுக்கினார். நான் தேநீர் கொடுத்தேன். வெளிநாட்டுப் பெண்களில் ஒருத்தி கோட்டைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் கையை வைத்து ஏதோ சொன்னாள். "எவ்வளவு கதகதப்பா இருக்குன்னு சொல்றாங்க" என்றான் மொழிபெயர்ப்பாளன். அவர்கள் வெப்பமானிப் பெட்டியைப் படம் எடுத்தார்கள். முந்தைய இரண்டு நாளில் மட்டும் ஏன் இவ்வளவு விறகு என்று உங்கள் தலைவர் கேட்டார். வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருந்தது என்றேன். "அது பரவாயில்லை, மொத்தத்தில் நன்றாக வந்திருக்கிறது" என்றார். கடைசியில் அந்தப் பெண், "இந்த வீட்டில் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டாளாம். இருக்கிறோம் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல்.

பெர்மெத்தும் ஜூஷ்பாயும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். நான்கு பேர் என்ற கணக்கு முடிந்துவிட்டதல்லவா?

ஊல்கான்

* * *

கோரோக்,
2012 மார்ச் 21

ஊல்கான், என் ஊல்கான்,

நவ்ரூஸ் புத்தாண்டு அன்று இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் கோதுமைக் கஞ்சி கிண்டுகிறார்கள். நான் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். நாலைந்து கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். "கூப்பிட்டா கேக்காதா" என்று அவள் சொன்னதை ஜனவரியிலேயே நீ எழுதியிருந்தாய். நான் அந்த வரியைத் தாண்டிக் குறிப்புகளைத் தேடிப் போனேன்.

மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யார் வாயிலாகவும் உனக்குத் தெரியக்கூடாது, அதனால் சொல்கிறேன்.

நாற்பது வீடுகளுக்கும் பணம் வந்துவிட்டது. ஆனால் ஆக்ஜாருக்கு இல்லை. கணவாய்க்கு இந்தப் பக்கம், கீழ்ப் பள்ளத்தாக்குகளுக்கு. சாலை நல்லது, சாமான் ஏற்றிப்போகச் செலவு குறைவு என்கிறார்கள். ஆக்ஜாருக்குத்தான் ஏற்கெனவே ஒரு வீடு கிடைத்துவிட்டதே என்கிறார்கள். நான் தலைவர் அறையில் கத்தினேன். மேசையைத் தட்டினேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "சத்பர்க், இருநூறு பேர் கதகதப்பா இருக்கப்போறாங்க. அவங்க உன் சொந்தக்காரங்க இல்லைங்கிறதுக்காகக் கோபப்படுறியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு என் மேசைக்குத் திரும்பி வந்தேன்.

ஐந்து வீடாவது, மூன்று வீடாவது, பெர்மெத் வீடு ஒன்றாவது என்று மேலிடத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. கிடங்கில் அந்த நான்கு மூட்டைக் கம்பளி இன்னும் கிடக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன். வேலையை விட்டுவிடலாம் என்றால், விட்டபிறகு ஆக்ஜாருக்காகக் கெஞ்சக்கூட இங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சத்பர்க்

* * *

கோரோக்,
2012 மே 19

ஊல்கானுக்கு,

மம்மத் மூன்று முறை வந்து போய்விட்டார். "அக்கா ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். "சாப்பாடு குடுத்தாங்க" என்கிறார். கடிதம் கொடுத்தாயா என்று கேட்டால் இல்லை என்று தலையை ஆட்டுகிறார்.

அவரிடம் வீட்டைப் பற்றிக் கேட்டேன். கூரையில் ஆட்கள் ஏறி ஏதோ கழற்றுகிறார்கள் என்று சொன்னார். கழற்றாதே, ஊல்கான். என் மேல் உள்ள கோபத்தில் அதைச் செய்யாதே. ஒரு வீட்டின் கம்பளியை ஊருக்கெல்லாம் பிரித்தால் யாருக்கும் குளிர் குறையாது. ஒரு வீட்டுக்கு ஒரு கண்ணாடி என்று கொடுத்தால் அது வெறும் கண்ணாடிதான். இதைக்கூட நான் அலுவலகக்காரி மாதிரிதான் சொல்கிறேன், தெரிகிறது. வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு வரி எழுது.

சத்பர்க்

* * *

ஆக்ஜார்,
2012 ஜூன் 28

பெறுநர்:
வீட்டு வெப்பப் பாதுகாப்புத் திட்ட அலுவலகம்,
கோரோக்.

மதிப்பிற்குரிய சத்பர்க் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டுநர் மம்மத் கையில் கொடுத்தனுப்பியிருக்கும் மூட்டையில் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானிப் பெட்டியும், 'மாதிரி வீடு' என்ற பலகையும், குறிப்பு எழுதத் தந்த தாள்களில் மீதியும் இருக்கின்றன. சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டிக் கம்பளிப் போர்வையும் அதில் இருக்கிறது. அதைப் பெர்மெத்தின் கண்ணில் படாமல் வைக்க இந்த வீட்டில் இடம் இல்லை.

கூரையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. நானும் என் கணவரும்தான் ஏறினோம். ஊருக்கு வருவதாக நான் சொன்ன நாற்பது வீடு வராது என்று தெரிந்த பிறகு, இந்த வீட்டில் படுக்க எங்களால் முடியவில்லை. கம்பளியை மூட்டை கட்டி, சன்னல்களைக் கழற்றி, வீட்டுக்குக் கொஞ்சம் என்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம். அதனால் யாருக்கும் பயன் இருக்காது என்பது எங்களுக்கும் தெரியும். பயனுக்காகச் செய்யவில்லை.

ஒரு சன்னலைக் கழற்றித் தரையில் வைத்திருந்தோம். ஊரே வந்து நின்று பார்த்தது. ஒருவரும் வாங்கிக்கொள்ள முன்னே வரவில்லை. அப்போது பெர்மெத் உள்ளேயிருந்து வந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. அன்றைக்குத்தான் சத்தமாகப் பேசினாள்.

"மாமா, அதை எடுத்த எடத்துல மாட்டுங்க" என்றாள்.

என் கணவர், "இல்ல பெர்மெத், இது எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

"உங்களுக்கு வேண்டாம்னா போங்க. எனக்கு வேணும். எம்பொண்ணு இந்த வீட்டுலதான் சூடா இருந்தா, ஒருநாளாச்சும் இருந்தா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கீழ விழுந்து கையக்கால ஒடிச்சுக்கிட்டா அதுக்கும் நான்தானே சோறாக்கணும்? எறங்குக்கா" என்றாள்.

நான் இறங்கினேன். ஷாய்லோ பெரியவர் சன்னலைத் தூக்க வந்தார். அவரால் முடியவில்லை, மற்றவர்கள் தூக்கினார்கள். கம்பளியை ஆசிரியரும் ஜூஷ்பாயும் மறுபடி பரப்பி மூடினார்கள். முற்றத்துப் பக்கச் சன்னலில் மட்டும் ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் தளர்த்தி வைத்திருக்கிறோம், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே யாராவது கூப்பிட்டால் கேட்க. அந்த வழியாகக் குளிர் வரும். வரட்டும்.

வரும் குளிர்காலத்தில் முடியாதவர்களும் குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இங்கே படுப்பார்கள். அவரவர் கையால் ஆளுக்கொரு கட்டுப் புதர் கொண்டுவருவதாகப் பேசியிருக்கிறார்கள். எவ்வளவு எரிப்போம், எத்தனை பேர் படுப்போம் என்று நாங்கள் எண்ணப்போவதில்லை. எழுதி அனுப்பவும் மாட்டோம். மலை மொட்டையாகிறது என்பது எங்களுக்கும் தெரிகிறது. ஒவ்வொரு வருடமும் என் கணவர் இன்னும் தூரம் போய்த்தான் பிடுங்குகிறார். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. திட்டச் சொல்லி எழுதியிருந்தீர்கள். திட்டுவதற்கு உட்கார்ந்தால் எனக்கு என் மாவு பிசைந்த கைதான் முன்னால் வருகிறது. அதனால் எழுதவில்லை.

அலுவலகத்திலிருந்து இனி யாரையும் அனுப்ப வேண்டாம். வண்டி கணவாயில் பழுதாகி, இருட்டி, வேறு வழியில்லாமல் நீங்கள் இங்கே வந்து நின்றால், மற்றவர்களுக்கு விரிக்கிற இடத்தில் உங்களுக்கும் விரிப்போம்.

இப்படிக்கு,
ஊல்கான், தொக்தோசுனின் மனைவி